இருபத்திரண்டு மூட்டையும் இரண்டு ஜனநாயகமும்

எனக்குப் பயம் கொஞ்சம் அதிகம். இதைச் சொல்ல வெட்கப்படவில்லை. பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் காவலாளிக்கு வணக்கம் வைத்துவிட்டு உள்ளே போகிறவன் நான். பஸ்ஸில் கண்டக்டர் என் பக்கம் திரும்பினால், டிக்கெட் கையில் இருந்தாலும் சட்டைப்பையை ஒருமுறை தடவிக்கொள்வேன். ஆகவே, புயல் வருகிறது என்று போன் சைரன் மாதிரி அலறியபோது என் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

என் பெயர் குமரேசன். வல்லம் பக்கம் ஒன்றரை ஏக்கர் நிலம். ஆடியில் போட்ட மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, இந்த வருஷம் ஏமாற்றாமல் விளைந்தது. பிடுங்கி, ஆய்ந்து, தார் ரோட்டில் காயவைத்து, நானும் என் மனைவி புனிதாவும் மூட்டை கட்டினோம். மொத்தம் இருபத்திரண்டு மூட்டை. காய்ந்த மல்லாட்டை ஒருமுறை நனைந்தால் கதை முடிந்தது. ஓடு கறுத்து, உள்ளே பூஞ்சை பிடித்துவிடும். வியாபாரி தொடமாட்டான், மாடும் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. போன புயலில் பாதி பறந்தது. மிச்சப் பாதிக்கு இந்தப் புயல் வருகிறது.

"கெடங்குல வெச்சிட்டு ரசீது வாங்கிக்கினு வாங்க. வர்ற வருஷம் வெதைக்கும் இதான், சாப்பாட்டுக்கும் இதான்" என்றாள் புனிதா. அவள் சத்தம் போட்டுப் பேசினால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும். அன்றைக்கு மெதுவாகப் பேசினாள்.

சவுரியம்மாளின் குட்டியானை லோடு வண்டியைப் பேசிக் கொண்டுவந்தேன். சவுரியம்மாள் கண்டமங்கலத்துக்காரர். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். வீட்டுக்காரர் போன பிறகு அவர் ஓட்டின வண்டியை இவரே ஓட்டுகிறார். பயம் என்பது அவர் வண்டியில் இதுவரை ஏறாத சரக்கு. தார்ப்பாய் மட்டும் ஒரு மூலையில் கிழிந்திருந்தது.

"மத்தியானத்துக்குள்ள எறக்கிட்டா பேஜாரு இல்லண்ணா" என்றார். காலை ஏழரைக்குக் கிளம்பினோம்.

எண்ணெய்வித்து வளர்ப்போர் கிடங்குக் கழகம் என்று ஒன்று எங்கள் பக்கம் உண்டு. அதற்குத் திண்டிவனத்தில் ஒரு கிடங்கு, விழுப்புரத்தில் ஒரு கிடங்கு. போன தை மாசம் வரைக்கும் இரண்டிலும் ஒரே நடைமுறைதான். மூட்டையைக் கொண்டுபோனால் கதவைத் திறப்பார்கள், எடை போடுவார்கள், ரசீது கொடுப்பார்கள். இதில் ஜனநாயகம் போதவில்லை என்று கண்டுபிடித்தவர் புதிதாக வந்த மேலாண்மை இயக்குநர் முனைவர் மணிமாறன். அவர் ஆட்சிமுறைகளை ஒப்பிட்டு ஆய்வு செய்து பட்டம் வாங்கியவர். மல்லாட்டையை அவித்துத் தட்டில் வைத்தபோது பார்த்திருக்கிறார்.

அதிபர் ஆட்சிமுறை நல்லதா, நாடாளுமன்ற ஆட்சிமுறை நல்லதா என்று அறுநூறு பக்கம் எழுதியும் அவருக்கு முடிவு தெரியவில்லையாம். கையில் இரண்டு கிடங்கு கிடைத்ததும் தெரிந்துகொள்ளலாம் என்று தோன்றியிருக்கிறது. திண்டிவனத்துக்கு அதிபர் முறை, விழுப்புரத்துக்கு நாடாளுமன்ற முறை, நாலு வருஷம் நடத்திப் பார்ப்பது என்று உத்தரவு போட்டார். சென்னையில் உட்கார்ந்தபடி இரண்டையும் கேமராவில் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் எனக்கு அன்றைக்குக் காலை வரை தெரியாது.

திண்டிவனம் கிடங்கில் பொறுப்பாளர் அறைக்கு மேல் 'அதிபர் மாளிகை' என்று பலகை மாட்டியிருந்தார்கள். உள்ளே பழைய பொறுப்பாளர் நடராசன் உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் பனியனோடு இருப்பார். இப்போது கோட்டு. நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

"சார், மூட்ட இருக்குது. மழை வர்ற மாதிரி இருக்குது."

"உக்காருப்பா. நீ இப்ப எங்க உக்காந்துக்கினு இருக்க தெரியுமா? ஒரு ஸ்திரமான ஆட்சியில. என்னை ஜனங்க நேரடியா தேர்ந்தெடுத்தாங்க. நாலு வருஷத்துக்கு ஒருத்தனும் என்னை அசைக்க முடியாது. ஆடி மாசம் கெடங்குல எலி பூந்துச்சு. எட்டு மூட்டை காலி. என்னை அசைச்சாங்களா? இல்ல. எலியையும் யாரும் அசைக்கல. அதுக்குப் பேர்தான் ஸ்திரத்தன்மை."

நான் தலையாட்டினேன். வானம் மேற்கே வெளுப்பாகவும் கிழக்கே கறுப்பாகவும் இருந்தது.

"கதவு தொறந்தீங்கன்னா…"

"கதவு என் அதிகாரம். இதோ தொறந்துட்டேன்னு வெச்சுக்க. ஆனா தராசு என்கிட்ட இல்ல. அது பேரவைகிட்ட இருக்குது. ரசீதுக்கு முத்திரை நீதிமன்றத்துகிட்ட இருக்குது. எடை போடாம மூட்டை உள்ள போனா அது கடத்தல். மூணு பேரும் தனித்தனி. ஒருத்தர் இன்னொருத்தர் வேலையில தலையிடக் கூடாது. ரொம்ப அழகான ஏற்பாடு."

பேரவை என்பது எதிரே தகரக் கொட்டகையில் இருந்தது. எடை போடும் பூவரசன் அங்கே அவைத்தலைவர். தராசின் மேல் சங்கிலி சுற்றிப் பூட்டு போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். அவரும் நடராசனும் இருபது வருஷம் ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டவர்கள். அதிகாரப் பிரிவினைக்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை.

"உன் மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்லப்பா" என்றார் பூவரசன். "உன் மூட்டைய நான் எடை போட்டேன்னு வெச்சுக்க. கெடங்கு நல்லா நடக்குதுன்னு பேர் வரும். அந்தப் பேரு யாருக்குப் போகும்? அந்தாளுக்கு. அப்புறம் அடுத்த தேர்தல்ல நான் என்னாத்த சொல்லி ஓட்டு கேக்கறது? அவரு தோத்தாதான் ஜனங்களுக்கு நல்லது. ஜனங்களுக்கு நல்லது நடக்கணும்னா, அதுவரைக்கும் ஜனங்களுக்கு ஒண்ணும் நடக்கக் கூடாது. புரியுதா?"

புரிகிறது என்றேன். புரியவில்லை என்று சொல்லப் பயமாக இருந்தது.

திரும்பி வந்து அதிபரிடம் சொன்னதும் அவர் கோபப்படவில்லை. உற்சாகமானார். போட்டோகிராபரைக் கூப்பிடச் சொன்னார். ஒரு தடித்த பேனாவை எடுத்து, ஒரு தடித்த அட்டைக்குள் இருந்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, அதைக் கேமராவுக்குத் தூக்கிக் காட்டினார். பேரவை தயவு இல்லாமல் அதிபரே போடும் நிர்வாக ஆணையாம் அது. நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன்: 'கிடங்கின் திறந்தவெளி முற்றம், அதன் மேலுள்ள வானம் உட்பட, இன்று முதல் உலர்ந்த பகுதி என அறிவிக்கப்படுகிறது.'

"இப்ப நீ மூட்டைய வெளியவே எறக்கிக்கலாம். சட்டப்படி நனையாது" என்றார் நடராசன். பேனாவை எனக்கே ஞாபகார்த்தமாகக் கொடுத்தார்.

அதிகாரி ஒன்று சொன்னால் நம்பித்தான் எனக்குப் பழக்கம். இதை நம்பலாமா என்று தெரியாமல் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தேன். சவுரியம்மாள் என்னைப் பார்த்தார்.

"இன்னாண்ணா சொல்றாங்க?"

"வெளியவே எறக்கலாமாம். நனையாதாம்."

"ஏன் நனையாது?"

"கையெழுத்து போட்டுட்டாரு."

சவுரியம்மாள் தார்ப்பாய்க் கயிற்றை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினார்.

அதற்குள் அந்த ஆணையை எதிர்த்துப் பூவரசன் நீதிமன்றத்துக்குப் போய்விட்டார். நீதிமன்றம் என்பது படிக்கட்டுக்குக் கீழே ஒரு மேசை. ரசீது எழுதிக்கொண்டிருந்த கலைமதி அங்கே நீதிபதி. வெயில் காலத்துக் கறுப்புக் குடையின் துணியைக் கழற்றித் தோளில் அங்கி மாதிரி போட்டிருந்தார். இரண்டு பக்கமும் கேட்டார். பொறுமையாகக் கேட்டார். பிறகு தீர்ப்பு சொன்னார்: முற்றம் உலர்ந்ததா ஈரமானதா என்பது ஆழமான அரசியல் சாசனக் கேள்வி. மூன்று வாரம் கழித்து விசாரிக்கப்படும். அதுவரை தற்போதைய நிலையே தொடர வேண்டும்.

தற்போதைய நிலை தூறலாக இருந்தது.

நான் கலைமதி காலில் விழப் போனேன். அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். "நீதிமன்றத்து கால்ல விழறது அவமதிப்புங்க" என்று மெதுவாகச் சொன்னார். "நீங்க விழுப்புரம் போங்களேன். அங்க இந்த முட்டுக்கட்ட கெடையாது. ஆட்சி பண்றவங்களும் சட்டம் போடறவங்களும் ஒரே ஆளுங்க. கதவு, தராசு, முத்திரை எல்லாம் ஒரே இடத்துல இருக்குது. ஜல்தியா போனீங்கன்னா ஆவும்."

மணி பத்தேமுக்கால். கிளம்பினோம்.

நெடுஞ்சாலையில் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. விக்கிரவாண்டி தாண்டும்போது போலீஸ் ஜீப் ஒன்று மைக்கில் சொல்லிக்கொண்டே போனது: புயல் மரக்காணம் பக்கம் கரையைக் கடக்கும், இரண்டு மணிக்கு மேல் சாலையில் வண்டி விடமாட்டோம். திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் தார்ப்பாயின் கிழிந்த மூலை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. போன் அடித்தது. புனிதா.

"வெச்சிட்டீங்களா?"

"வெச்சிடுவேன்" என்றேன்.

"இங்க காத்து ஆரம்பிச்சிடுச்சி. கூரை சத்தம் போடுது."

"நீ பக்கத்து மெத்த வீட்டுக்குப் போயிடு. தளம் போட்ட வீடு, காத்துக்கு அசையாது."

"நீங்க ரசீது வாங்கிட்டேன்னு சொல்லுங்க, போறேன்" என்றாள்.

விழுப்புரம் கிடங்கின் முற்றத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். பத்தொன்பது பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு பக்கம் பத்து, எதிர்ப்பக்கம் ஒன்பது. எல்லோரும் என்னைப் போல மூட்டை வைக்கிற விவசாயிகள்தான். ஜனநாயகம் வந்த பிறகு அவர்கள் மாண்புமிகு உறுப்பினர்கள். நடுவில் கோகுலகிருஷ்ணன் என்பவர் கையில் மணியோடு சபாநாயகராக உட்கார்ந்திருந்தார். மூட்டை தூக்கும் ஆட்கள் இரண்டு பேர் தோளில் சிவப்புப் பட்டை போட்டு அவைக் காவலர்களாக விறைத்து நின்றார்கள்.

இவர்கள் எல்லோருக்கும் பின்னால், கிடங்குக் கதவை ஒட்டி, ஒரு உயரமான நாற்காலியில் காவல்காரர் தாண்டவராயன் மாலையோடு இருந்தார். கழுத்தில் மாலைக்குக் கீழே சாவி தொங்கியது. எனக்கு உயிர் வந்தது. இருபது வருஷமாகக் கதவைத் திறந்து விடுகிறவர் அவர்தான்.

"தாண்டவராயண்ணே, கொஞ்சம் தொறந்து விடுங்க. தூறல் போடுது."

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். அவரும் பயந்துதான் போயிருந்தார்.

"நான் இப்ப காவல்காரன் இல்லப்பா. தலைவரு. கெடங்குல எது நடந்தாலும் என் பேர்லதான் நடக்கும். ஆனா நானா எதுவும் செய்யக் கூடாது. அமைச்சரவை அறிவுரை சொன்னாதான் சாவிய எடுக்கணும். போன வாரம் உள்ள பூனை மாட்டிக்கினு கத்துச்சு. ரெண்டு நாளு கத்துச்சு. அறிவுரை வரல."

"அப்புறம்?"

"அப்புறம் கத்தல" என்றார்.

பிரதமர் இருதயராஜிடம் போனேன். நல்ல மனிதர். நின்றுகொண்டே வணக்கம் சொன்னார். ஆனால் நேரடியாகப் பேச முடியாது, கேள்வி நேரத்தில்தான் கேட்க வேண்டும் என்றார். எழுதிக் கொடுத்தேன். சபாநாயகர் மணி அடித்தார். பிரதமர் எழுந்து படித்தார்: "திரு. குமரேசன் அவர்களின் வினாவின் அ பகுதிக்கு, ஆம். ஆ பகுதிக்கு, இல்லை. இ பகுதிக்கு, தகவல் திரட்டப்பட்டு வருகிறது." எல்லோரும் நாற்காலிக் கைப்பிடியைத் தட்டினார்கள். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"ஐயா, கதவ தொறக்கச் சொல்லி ஒரு வார்த்த…"

"இதோ" என்று அவர் வாயைத் திறந்தார். அதற்குள் பின்வரிசையில் ஒருவர் மாடு கட்டிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். பத்து ஒன்பதாகி, ஒன்பதும் ஒன்பதும் சமமானது. எதிர்க்கட்சித் தலைவர் சேரன் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். ஆட்சி விழுந்தது. இருதயராஜ் காபந்து பிரதமரானார். காபந்து அரசு கொள்கை முடிவு எடுக்கக் கூடாதாம். மூட்டையை உள்ளே வைப்பது கொள்கை முடிவு, வெளியே வைப்பதுதான் அன்றாட நிர்வாகம் என்று விளக்கினார்.

பிறகு சேரன் பிரதமரானார். பதவிப் பிரமாணத்துக்கு லட்டு கொடுத்தார்கள். அந்த அரசு பதினோரு நிமிடம் இருந்தது. சேரன் பக்கத்தில் இருந்த ரஞ்சித் லட்டில் முந்திரி இல்லை என்று கட்சி மாறினார். மறுபடி இருதயராஜ், மறுபடி லட்டு. அதிலும் முந்திரி இல்லாததால் ரஞ்சித் திரும்பி வர, மறுபடி சேரன். மணி ஒன்றாவதற்குள் நாலு ஆட்சியைப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் தாண்டவராயன் எழுந்து நின்று, சாவியைத் தடவிக்கொண்டு, "என்னுடைய அரசு" என்று ஆரம்பிக்கும் உரையைப் படித்துவிட்டு உட்கார்ந்தார்.

சேரன் என்னைத் தனியே அழைத்துப் பெருமையாகச் சொன்னார்: "பாத்தீங்களா? திண்டிவனத்துல ஒருத்தன் தப்பு பண்ணா நாலு வருஷம் சகிச்சிக்கணும். இங்க யாரும் தப்பே பண்ண முடியாது. பண்றதுக்கு நேரமே இல்ல. எங்க ஆட்சியில ஒரு குறை சொல்லுங்க பாப்போம். ஒரு வேலையாச்சும் செஞ்சிருந்தாதான குறை சொல்லுவீங்க."

மாடு கட்டப் போனவர் திரும்பி வரவில்லை. புயலுக்குப் பயந்து வீட்டோடு இருந்துவிட்டார். அவர் இடம் காலி என்று சபாநாயகர் அறிவித்தார். இடைத்தேர்தல் நடத்த வேண்டும். முற்றத்தில் நின்ற ஒரே வாக்காளனும் ஒரே வேட்பாளனும் நான்தான். போட்டியின்றி ஜெயித்தேன்.

ஒன்பதுக்கு ஒன்பது, நடுவில் நான். இருதயராஜ் என் வலது தோளில் கை போட்டு, "நம்ம பக்கம் கை தூக்கலேன்னா உறுப்பினர் பதவி போயிடும், ஆயுசுக்கும் கெடங்குல மூட்டை வெக்க முடியாது" என்றார். சேரன் இடது தோளில் கை போட்டு அதையே சொன்னார். சபாநாயகர் மணி அடித்து, இருதயராஜுக்கு ஆதரவானவர்கள் கை தூக்குங்கள் என்றார். பயத்தில் தூக்கினேன். சேரனுக்கு ஆதரவானவர்கள் என்றார். மற்ற கையையும் தூக்கினேன்.

அவை உறைந்துபோய்விட்டது. இரண்டு தரப்பும் பத்துப் பத்து. பத்தொன்பது பேர் அவையில் இருபது ஓட்டு விழுந்ததற்கு விதிப் புத்தகத்தில் வழி இல்லை. அரைமணி நேரம் கலந்து பேசினார்கள். இரண்டு தரப்பின் நம்பிக்கையையும் பெற்ற ஒரே ஆள் இந்த அவையில் குமரேசன்தான், ஆகவே அவரே பிரதமர் என்று முடிவு வந்தது. எனக்கு மாலை போட்டார்கள். வாயில் லட்டை வைத்தார்கள். சவுரியம்மாள் வண்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து முதன்முறையாகச் சிரித்தார்.

"அப்பாடா. ஜல்தி தொறக்கச் சொல்லுண்ணா."

அந்த நேரத்தில்தான் மழை இறங்கியது. தூறல் இல்லை, மழை. காற்று ஷாமியானாவைத் தூக்கிச் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் போட்டது. "அவையின் இருப்பிடத்தைக் கிடங்குக்குள் மாற்றலாமா?" என்று சபாநாயகர் கத்தினார். "ஆம்" என்று பத்தொன்பது குரல் ஒன்றாகக் கேட்டது. அதில் என் குரலும் உண்டு. மசோதா இல்லை, விவாதம் இல்லை, வாசிப்பு இல்லை. தாண்டவராயன் சாவியைப் போட்டார். கதவு இரண்டும் அகலமாகத் திறந்தன. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

உள்ளே இருநூறு மூட்டைக்கு இடம் காலியாக இருந்தது. தரை காய்ந்து வெதுவெதுப்பாக இருந்தது. நாற்காலிகளை அதே வரிசையில் போட்டார்கள். என்னை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். கதவுக்கு நேர் எதிரே முப்பது அடியில் குட்டியானை நின்றது. சவுரியம்மாள் வண்டி மேல் ஏறி, தார்ப்பாயின் கிழிந்த மூலையை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, ஒரு கை புடிங்க. ரெண்டு பேரா எறக்குனா பத்து நிமிசம்" என்று கத்தினார்.

நான் பாதி எழுந்தேன். சேரன் என் வேட்டியைப் பிடித்து இழுத்தார். "உக்காருங்க. நீங்க எழுந்து போனீங்கன்னா அவை ஒத்தி வெக்கணும். ஒத்தி வெச்சா கதவ பூட்டணும். அப்புறம் மூட்டை எப்படி உள்ள வரும்?"

மூட்டையை அப்படியே உள்ளே கொண்டுவரச் சொல்லலாமா என்று கேட்டேன். அவை நடக்கும்போது உறுப்பினர் அல்லாத எதுவும் உள்ளே வரக் கூடாது என்றார் சபாநாயகர். வாசலில் இரண்டு அவைக் காவலர்களும் கையைக் குறுக்கே நீட்டி நின்றார்கள். வருஷம் பூராவும் எங்கள் மூட்டையைத் தூக்கிய கைகள் அவை. மல்லாட்டை உள்நுழைவு மசோதா என்று ஒன்று கொண்டுவந்து மூன்று முறை வாசித்தால் முடியும் என்று வழி சொன்னார்கள். இருதயராஜ் என் காதருகே குனிந்து, "சொந்த மூட்டைக்காகப் பதவிய பயன்படுத்தினாருன்னு நாளைக்குப் பேச்சு வரும். விசாரணை வரும். பாத்துக்கங்க" என்றார். விசாரணை என்ற சொல்லைக் கேட்டதும் நாற்காலியில் நன்றாக உட்கார்ந்துகொண்டேன்.

தாண்டவராயன் தன் நாற்காலியை மெல்ல என் பக்கம் நகர்த்தினார். "பிரதமரே, ஒரே ஒரு வரி சொல்லுங்க. மூட்டை வரட்டும்னு சொல்லுங்க. அது அறிவுரை. நான் கேட்டுதான் ஆவணும். அந்த ரெண்டு பேரையும் நானே வெளக்கிடுவேன்" என்றார். அவர் குரல் நடுங்கியது. பூனை ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

ஒரு வரி. என் நாக்கு நுனியில் இருந்தது. நான் எழுந்து நின்றேன். பத்தொன்பது பேர்… என்னைத் தவிர்த்துப் பதினெட்டு பேர் என்னையே பார்த்தார்கள். சேரன் பக்கம் பாதிப் பேர் தீர்மானத்துக்குத் தயாராக எழுந்துகொண்டிருந்தார்கள். என் வாயிலிருந்து என் குரலில் ஒரு வரி வந்தது.

"இது குறித்து ஆராய ஒரு குழு அமைக்கப்படும்."

எழுந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்தார்கள். இரண்டு பக்கமும் நாற்காலிக் கைப்பிடியைத் தட்டினார்கள். என் ஆட்சி காப்பாற்றப்பட்டது. வெளியே சவுரியம்மாளுக்கு அது கேட்டிருக்கும். அவர் தலைத்துணி நனைந்து முகத்தில் ஒட்டியிருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை எடுத்தார். தார்ப்பாய் எழும்பி ஒரு பக்கமாய் மடங்கியது. முன்வரிசை மூட்டைகள் மஞ்சளிலிருந்து பழுப்பாக நிறம் மாறுவதை நான் உட்கார்ந்த இடத்திலிருந்து தெளிவாகப் பார்த்தேன்.

சுவரில் இருந்த திரையில் முனைவர் மணிமாறன் தோன்றினார். சென்னையிலும் மழை போலிருக்கிறது, சூடாக ஏதோ குடித்துக்கொண்டிருந்தார்.

"வரலாற்றுத் தருணம்" என்றார். "திண்டிவனத்தில் அதிபரும் அவையும் முத்திரையும் இன்னும் ஒருவரை ஒருவர் கட்டுப்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். அது அதிகாரச் சமநிலை. இங்கே இந்த அரசு நாற்பத்தொரு நிமிடமாக நீடிக்கிறது. அது மக்கள் நம்பிக்கை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கையில் ஒன்று உறுதியாகச் சொல்வேன். இரண்டு முறையிலும் விதி ஒன்றுகூட மீறப்படவில்லை. பிரதமர் அவர்களின் நிதானத்தை நான் பாராட்டுகிறேன். பயம் துளியும் இல்லாத முகம்."

கை தட்டினார்கள். நானும் தட்டினேன் என்று நினைக்கிறேன்.

எனக்கு எது பயம் என்று அப்போது யோசித்துப் பார்த்தேன். எழுந்தால் ஆட்சி போகும், கதவை மூடிவிடுவார்கள் என்பது பயம்தான். விசாரணை வரும் என்பதும் பயம்தான். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாற்காலி காய்ந்திருந்தது. வெளியே மழை அடித்துக்கொண்டிருந்தது. எழுந்திருக்க மனசு வரவில்லை.

போன் அடித்தது. அவையில் போன் பேசக் கூடாது என்று சபாநாயகர் மணியைத் தூக்கினார். பிரதமர் என்பதால் அனுமதித்தார்.

"கூரை போயிடுச்சிங்க" என்றாள் புனிதா. அழவில்லை. "போனா போவுது. நான் மெத்த வீட்டுக்கு வந்துட்டேன். மூட்டைய வெச்சிட்டீங்களா?"

நான் கதவு வழியாக வண்டியைப் பார்த்தேன்.

"எங்க இருக்குது மூட்டை?"

"வெளிய. வண்டியில."

"கெடங்கு பூட்டியிருக்குதா?"

"இல்ல. தொறந்துதான் இருக்குது."

"அப்ப நீங்க எங்க இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"உள்ள" என்றேன்.